சிறுநீரக நோயாளிகள் காளான் சாப்பிடலாமா? அளவும் சமைக்கும் முறையுமே முக்கியம்

நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்கள் உணவில் உள்ள பொட்டாசியம், பாஸ்பரஸ், சோடியம் ஆகிய மூன்றையும் கவனிக்க வேண்டியுள்ளது. செயல்திறன் குறைந்த சிறுநீரகங்களால் இவற்றின் மிகுதியை முழுமையாக வெளியேற்ற இயலாது. ரத்தத்தில் பொட்டாசியம் கூடினால் இதயத் துடிப்பு சீர்குலையக்கூடும். பாஸ்பரஸ் கூடினால் எலும்புகள் பலவீனமடையும். இந்த நோயாளிகளுக்குக் காளான் முற்றிலும் விலக்கப்பட்ட உணவு அல்ல. விருப்பம்போல் உண்ணக்கூடிய உணவும் அல்ல.

காளானில் என்ன உள்ளது?

100 கிராம் பச்சை மொட்டுக் காளானில் சுமார் 318 மி.கி. பொட்டாசியம், 86 மி.கி. பாஸ்பரஸ், 5 மி.கி. சோடியம், 3 கிராம் புரதம் உள்ளன. சிப்பிக் காளானில் பொட்டாசியம் சுமார் 420 மி.கி., பாஸ்பரஸ் 120 மி.கி. என அதிகமாகவே உள்ளது.

ஒரு கப் என்பது எவ்வளவு?

காளானில் 90 சதவீதத்துக்கும் மேல் நீர் இருப்பதால், சமைக்கும்போது வெகுவாகச் சுருங்கிவிடும். நறுக்கிய பச்சைக் காளான் ஒரு கப் சுமார் 70 கிராம். அதில் பொட்டாசியம் ஏறத்தாழ 220 மி.கி. வேகவைத்து வடித்த காளான் ஒரு கப் சுமார் 156 கிராம். அதில் பொட்டாசியம் 550 மி.கி.யைத் தாண்டும். எனவே, சமைப்பதற்கு முன்பே அளந்துகொள்வது நல்லது.

டின் காளானில் கவனம்

உப்புநீரில் பதப்படுத்திய டின் காளானில் நீரை வடித்த பின்னரும் 100 கிராமுக்கு 400 மி.கி.க்கு மேல் சோடியம் இருக்கும். நாளொன்றுக்குச் சோடியம் 2,000 மி.கி.க்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவான வரையறை. அதில் ஐந்தில் ஒரு பங்கு இதிலேயே வந்துவிடும். உடனடி காளான் சூப் பொடிகளிலும் உப்பு அதிகம்.

எப்படிச் சமைக்கலாம்?

* காளானை நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியத்தின் ஒரு பகுதி நீங்கும், முழுவதும் நீங்காது.
* காளான் மசாலாவில் சேர்க்கும் தக்காளி, முந்திரி விழுது ஆகியவை பொட்டாசியத்தைக் கூட்டும். மிளகு, சீரகம், பூண்டு சேர்த்து வதக்குவது மேலானது.
* சோடியம் குறைந்த மாற்று உப்புகள் பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு உள்ளது. மருத்துவர் அனுமதியின்றி அவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

யார் கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும்?

ரத்தத்தில் பொட்டாசியம் ஏற்கெனவே அதிகமாக உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் காளான் உண்ணக் கூடாது. சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் வேகாத காளானைத் தவிர்க்க வேண்டும். டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் புரதத் தேவை அதிகம். அதைக் காளான் மட்டும் ஈடுசெய்யாது.

காட்டில் பறித்த, இனம் தெரியாத காளான்களை எவரும் உண்ணக் கூடாது. சில நச்சுக் காளான்கள் நலமான சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யும். சிலவற்றில் அறிகுறிகள் தெரியவே பல நாள்கள் ஆகலாம்.

நோயின் நிலையும் ரத்தப் பரிசோதனை முடிவும் ஒவ்வொருவருக்கும் வேறுபடும். எனவே, உண்ணும் அளவைச் சிறுநீரக மருத்துவர் அல்லது உணவியல் நிபுணரிடம் கேட்டு முடிவு செய்வதே பாதுகாப்பானது.