கடலிடம் கடன் வாங்கிய ஊர்

மலையைக் குறிஞ்சிக்கும் கடலை நெய்தலுக்கும் பகுத்துக் கொடுத்தது நம் அகமரபு. இவ்விரண்டும் அருகருகே நிற்கும் நிலங்களும் உலகில் உண்டு. வேல்ஸ் நாட்டின் மேற்குக் கரையிலுள்ள ஃபேர்போர்ன் அத்தகையதொரு சிற்றூர். முன்னே கார்டிகன் விரிகுடா. பக்கத்தில் மௌதாக் ஆற்றின் கழிமுகம். பின்புறம் 893 மீட்டர் உயரமுள்ள காடைர் இத்ரிஸ் மலை. இத்ரிஸ் என்னும் பூதத்தின் இருக்கை என்பது அம்மலைப் பெயரின் பொருள்.

குடும்பத்தோடு கடற்கரைக்குச் சென்று சில நாள் தங்கிவரும் வழக்கம் அங்கும் மிகப் பழையதன்று. இன்று ஊர் இருக்குமிடம் முன்பு உவர்ச் சதுப்பும் மேய்ச்சல் நிலமுமாகக் கிடந்தது. பண்ணைகள் சில மட்டுமே இருந்தன. கழிமுகத்தின் குறுக்கே 1867இல் எழுந்த பார்மத் மரப்பாலத்தின் வழியாக இருப்புப்பாதை வந்தது, வெளியூராரும் வந்தனர். 1869 கோடையில் சார்ல்ஸ் டார்வின் தம் குடும்பத்தாருடன் கழிமுகத்தின் வடகரையில் தங்கினார். இளமையில் அம்மலைப் பகுதியில் திரிந்தவர், அப்போது நோயினால் சிறிது தூரம் நடக்கவும் இயலாதவராயிருந்தார்.

அக்காலத்தில் இத்தகைய ஓய்வு வசதி படைத்தோர்க்கே வாய்த்தது. 1871ஆம் ஆண்டின் வங்கி விடுமுறைச் சட்டம் உழைப்பாளர்க்கு ஆண்டில் சில நாள்களைத் தந்தது. ஊதியத்துடன் கூடிய விடுமுறைக்கு வழிவகுத்த சட்டமோ 1938இல்தான் வந்தது. குழந்தைகளின் கையிலிருந்த மணல்வாளிக்குப் பின்னால் நெடியதொரு தொழிலாளர் போராட்டம் இருந்தது எனலாம்.

இந்த மாற்றத்தை முன்னுணர்ந்தவர்களுள் ஒருவர் மாவு வணிகத்தால் புகழ்பெற்ற ஆர்தர் மக்டூகல். அவரே சதுப்பில் ஃபேர்போர்னைக் கடற்கரை ஓய்வூராக உருவாக்கினார். கட்டுமானப் பொருள்களைச் சுமக்க 1895இல் அமைந்த குதிரை டிராம் பின்னர்ப் பயணிகளையும் ஏற்றியது. 1916இல் அது சிறிய நீராவி இரயிலாயிற்று. இரண்டாம் உலகப்போரின்போது பகைவர் தரையிறங்குவதைத் தடுக்கக் கடற்கரை நெடுகக் கான்கிரீட் கட்டைகள் நடப்பட்டன. போர் முடிந்தபின் அவற்றினூடே குழந்தைகள் விளையாடினர். விடுமுறைக்கு வந்து பழகியவர்களுள் பலர், பணி ஓய்வு பெற்றபின் இங்கேயே குடியேறினர்.

ஆனால் ஊரின் பெரும்பகுதி உவாக்காலப் பேரலை ஏற்றத்தின் மட்டத்திற்கும் கீழே கிடக்கிறது. கூழாங்கல் மேடும் கரையணைகளுமே அதைக் காக்கின்றன. கடல்மட்டம் உயர்ந்துவரும் நிலையில், 2054 வாக்கில் இக்காப்பைக் கைவிட்டு ஊரைக் கடலுக்கு விடுவதென்னும் கரையோரத் திட்டத்தைக் குவினெத் மன்றம் 2013இல் ஏற்றது. செய்தி பரவியதும் வீடுகளின் மதிப்புச் சரிந்தது. அடமானக் கடன் கிடைப்பது அரிதாயிற்று. இழப்பீட்டிற்குச் சட்டத்தில் இடமில்லை. குறித்த ஆண்டு எவ்வளவு உறுதியானது என்று ஊரார் கேட்டவண்ணம் இருக்கின்றனர்.

கடல்கோள் நமக்குப் புதிய செய்தியன்று. கபாடபுரத்தைக் கடல் கொண்டதென இறையனார் களவியலுரை பேசும். இதே கார்டிகன் விரிகுடாவிற்குள் காந்த்ரேர் குவைலோத் என்னும் நாடு மூழ்கியதென வேல்ஸ் மக்களும் கதை சொல்வர். காவலன் குடிமயக்கத்தில் மதகை மூடத் தவறினான் என்று அக்கதை ஒருவன்மீது பழி சுமத்தும். ஃபேர்போர்னுக்கு அப்படி ஒரு காவலனில்லை. உலகெங்கும் எரிந்த நிலக்கரியும் எண்ணெயும் சேர்ந்து உயர்த்திய கடல் அது. பழி எல்லார்க்கும் பங்காகிறது. இழப்பு மட்டும் அச்சில நூறு வீடுகளின்மேல் விழுகிறது.

விடுமுறைக்கென்று கட்டிய ஊர்தானே, போனால் என்ன என்று கேட்போர் இருக்கலாம். நூற்றாண்டுக்கும் மேலாக மனிதர் பிறந்தும் மணந்தும் இறந்தும் வாழ்ந்த நிலத்திற்கு ஊர் என்பதன்றி வேறு பெயரில்லை. ஊரைக் காக்க இயலாது என்பதே முடிவாயின், அங்குள்ளோர் எங்கே செல்வது, அதற்கான செலவை யார் ஏற்பது என்பதையும் அம்முடிவோடு சேர்த்தே சொல்ல வேண்டும். கடலுக்கு ஆண்டு குறித்தவர்கள் மனிதர்க்கு இடம் குறிக்காதது அறமாகாது.