தமிழ்த் திரை விமர்சனமும் பார்வையாளர் வழக்காடலும்

படம் பார்த்தவர்கள் தமக்குள் வழக்காடுவதும், படத்தை எடைபோட்டு எழுதிய விமர்சகரையே திருப்பி எடைபோடுவதும் தமிழகத்தில் பேசும்படத்தோடு சேர்ந்து வளர்ந்த பழக்கங்கள். 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் ‘காளிதாஸ்’ வெளியானது. நாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பதில் சொன்ன படம் அது. அதைப் பற்றிச் சுதேசமித்திரன் எழுதியது. அன்று தொடங்கிய பேச்சு, தேநீர்க் கடை, சலூன், தறிக்கொட்டகை, வானொலி, தொலைக்காட்சி, கைப்பேசி என இடம் மாறி வந்திருக்கிறதே தவிர ஓய்ந்ததில்லை.

தமிழில் திரை விமர்சனத்தைப் படிக்கத் தகுந்த எழுத்தாக்கியவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி. 1930களில் ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற புனைபெயரில் கச்சேரி, நாடகம், சினிமா மூன்றையும் பற்றி அவர் எழுதினார். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் துணிவு அவரிடம் இருந்தது. படம் பார்க்க வாய்க்காதவர்களும் அந்த விமர்சனங்களைப் படித்தார்கள். 1939-இல் அவரே கதாசிரியராக எதிர்ப்பக்கம் வந்து நின்றார். கே. சுப்ரமணியம் இயக்கிய ‘தியாக பூமி’ திரைக்கு வந்த காலத்திலேயே அதன் கதை, படத்தின் காட்சிகளோடு விகடனில் தொடராக வெளிவந்தது. ஆங்கில அரசு பின்னர் அந்தப் படத்தைத் தடை செய்தது. “இவ்வளவு குறை சொல்கிறாயே, நீயே ஒன்று எடுத்துக் காட்டு” என்று விமர்சகரைப் பார்த்துப் பார்வையாளர் கேட்பது வழக்கம். அந்தச் சோதனைக்குத் தமிழில் முதலில் தம்மை உட்படுத்திக்கொண்டவர்களில் கல்கி முக்கியமானவர். பிறகும் சிலர் அப்படி வந்தார்கள். இலக்கிய விமர்சகர் வெங்கட் சாமிநாதன் எழுதிய திரைக்கதையை ஜான் ஆபிரகாம் ‘அக்ரஹாரத்தில் கழுதை’ (1977) என்ற பெயரில் படமாக்கினார். தமிழில் சிறந்த படத்துக்கான தேசிய விருது பெற்ற அது, எதிர்ப்புக்கும் ஆளானது.

விகடனின் உரிமையாளர் எஸ். எஸ். வாசன், ஜெமினி ஸ்டூடியோவின் உரிமையாளரும் ஆனார். படம் எடுப்பவரின் பத்திரிகை பிறர் படத்தை நடுநிலையாகப் பார்க்குமா என்ற கேள்விக்கு இங்கே நீண்ட வயது உண்டு. விமர்சகர் யார் சோற்றை உண்கிறார் என்று கேட்கும் உரிமை பார்வையாளருக்கு இருக்கிறது. அதைக் கேட்டபடியேதான் தமிழ் வாசகர்கள் விமர்சனம் படித்து வந்திருக்கிறார்கள்.

இவ்வரலாற்றில் காஞ்சிபுரத்துக்குத் தனி இடம் உண்டு. 1909-இல் அங்கே நெசவுக் குடும்பம் ஒன்றில் பிறந்த சி. என். அண்ணாதுரை, 1942-இல் அவ்வூரிலிருந்து ‘திராவிட நாடு’ இதழைத் தொடங்கினார். நாடகமும் சினிமாவும் கருத்தைக் கொண்டுசெல்லும் வண்டி என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். அவருடைய ‘ஓர் இரவு’ நாடகத்தைப் பார்த்த கல்கி, அரசியலில் எதிர்முகாமில் இருந்தவர் என்றாலும், பெர்னார்ட் ஷாவோடு ஒப்பிட்டுப் பாராட்டினார். கட்சி வேறாக இருந்தும் கலையைப் பார்த்த மாத்திரத்தில் தலைவணங்கிய அந்த நேர்மை, தமிழ் விமர்சன வரலாற்றில் போற்றி வைக்க வேண்டிய ஒன்று. ‘வேலைக்காரி’ (1949), ‘ஓர் இரவு’ (1951) படங்களுக்குப் பிறகு, படத்தைப் பற்றிய பேச்சும் அரசியல் பேச்சும் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டன.

அந்தப் பிணைப்பு உச்சத்தைத் தொட்டது 1952 அக்டோபர் 17 அன்று வெளியான ‘பராசக்தி’யில். மு. கருணாநிதி வசனம், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம், சிவாஜி கணேசனின் முதல் படம். கோயில் காட்சிகளையும் நீதிமன்ற வசனத்தையும் எதிர்த்தவர்கள் படத்தைத் தடை செய்யக் கோரினார்கள். தினமணி கதிர் கடுமையாக விமர்சித்து, கருணாநிதியைக் கேலிச்சித்திரமாக வரைந்து ‘பரப்பிரம்மம்’ என்று தலைப்பிட்டது. திராவிட முன்னேற்றக் கழகத்தார் அதே தலைப்பில் ஒரு நாடகத்தை எழுதி ஊர் ஊராக நடத்தினார்கள். ஒரு விமர்சனத்துக்கு விடையாக ஒரு நாடகமே மேடையேறியது என்றால், விமர்சகரின் சொல்லுக்கு அன்று எவ்வளவு எடை இருந்தது என்பது விளங்கும். படம் வெள்ளிவிழா கண்டது. வசனம் புத்தகமாக விற்றது. அதை மனப்பாடமாக ஒப்பிப்பவர்கள் ஊருக்கு ஊர் உருவானார்கள்.

அடுத்த இருபது ஆண்டுகள் எம்.ஜி.ஆர்.–சிவாஜி ரசிகர்களின் காலம். ரசிகர் மன்றம்தான் அன்றைய விமர்சன சபை. அந்த வழக்காடலை வெறும் வெறி என்று படித்தவர்கள் ஒதுக்கினார்கள். ஆய்வாளர்கள் தாமதமாகத்தான் அதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். கார்த்திகேசு சிவத்தம்பி 1981-இல் தமிழ்ப் படத்தை அரசியல் தொடர்பு ஊடகமாக ஆராய்ந்தார். எம். எஸ். எஸ். பாண்டியன் 1992-இல் எம்.ஜி.ஆர். பிம்பத்தை அலசினார். மதுரையின் எளிய குடும்பங்களோடு பழகி அவர்கள் படம் பார்க்கும் விதத்தைச் சாரா டிக்கி 1993-இல் எழுதினார். தியடோர் பாஸ்கரனின் நூல்கள் தமிழ்ப் படத்துக்கு ஆவணப்பூர்வமான வரலாற்றைத் தந்தன.

விகடன் படங்களுக்கு மதிப்பெண் போடத் தொடங்கியதும் சண்டைக்கு ஓர் எண் கிடைத்தது. ‘16 வயதினிலே’ (1977) பெற்ற 62½ மதிப்பெண் இன்றும் சொல்லிக் காட்டப்படுகிறது. நூற்றுக்கு அறுபதைத் தாண்டுவது அரிது என்ற கண்டிப்பு வாசகர்களுக்கு எரிச்சலூட்டியது, அவர்களை ஈர்க்கவும் செய்தது.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதன் ‘எதிரொலி’ நிகழ்ச்சியில் நேயர் கடிதங்களைப் படித்து நிலையத்தார் பதில் சொன்னார்கள். திரைப்பாடல் நிகழ்ச்சியான ‘ஒளியும் ஒலியும்’ போதவில்லை என்று ஓர் அரசு நிறுவனத்திடம் ஒரு குடிமகள் அஞ்சலட்டையில் முறையிடலாம், அதற்குத் திரையிலேயே பதில் வரும் என்பது சிறிய விஷயமல்ல. 1993-இல் சன் தொலைக்காட்சி வந்தபின் வாராந்திர விமர்சனம் வீட்டுக் கூடத்துக்கு வந்தது. பண்டிகை நாள் பட்டிமன்றங்கள் பழைய பாட்டா புதிய பாட்டா என்று வாதாடின. விஜய் தொலைக்காட்சியின் ‘லொள்ளு சபா’ படங்களை நையாண்டியாகத் திருப்பி நடித்துக் காட்டியது. கூர்மையான விமர்சனக் கட்டுரை செய்யும் வேலையை அது அரைமணி நேரத்தில் செய்தது.

காஞ்சிபுரம் மீண்டும் இப்பேச்சின் நடுவே வந்தது பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ (2008) படத்தால். விடுதலைக்கு முந்தைய காலத்தில், மகளின் கல்யாணத்துக்குப் பட்டுச் சேலை தருவதாக வாக்களித்த நெசவாளி வேங்கடம், பட்டு நூலை வாயில் மறைத்துக் கடத்தி வந்து இரவில் தானே ஒரு சேலை நெய்கிறான். 2007-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் சிறந்த படமாக அது தேர்வானது. வேங்கடமாக நடித்த பிரகாஷ் ராஜ் சிறந்த நடிகரானார். விமர்சகர்கள் பெரும்பாலும் ஒளிப்பதிவையும் நடிப்பையும் பேசினார்கள். தறி ஓடும் ஊர்களில் அதை எடைபோடும் தராசு வேறு. பெரிய ஏரியால் பெயர்பெற்ற தென்னேரி போன்ற காஞ்சி வட்டாரத்து ஊர்களில், கோர்வை, பெட்னி என்னும் நெசவு நுட்பங்கள் கைப்பழக்கமாக உள்ளவர்களின் கண்கள் படத்தில் பாவு பூட்டியிருக்கும் விதத்தைப் பார்க்கும்; கூலிக் கணக்கைப் பார்க்கும்; தான் நெய்வதைத் தன் வீட்டுப் பெண்ணுக்கு உடுத்த முடியாத நிலை இன்று எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கும். எந்த இதழின் விமர்சனப் பக்கமும் அந்தப் பார்வையை இன்னும் உரிய இடத்தில் வைக்கவில்லை என்பது இக்கட்டுரையாளரின் ஆழ்ந்த வருத்தம். ஒரு தொழிலைப் பற்றிய படத்துக்கு அத்தொழிலாளரே முதல் விமர்சகர்.

யூடியூப் வந்தபின் அத்தகைய குரலுக்கு வழி திறந்தது. கூடவே இரைச்சலும் வந்தது. அரங்க வாசலில் முதல் காட்சி முடிந்ததும் ஒலிவாங்கி நீட்டப்படுகிறது. ‘தமிழ் டாக்கீஸ்’ புளூ சட்டை மாறன் போன்றவர்களுக்கு, எந்தப் பத்திரிகை விமர்சகருக்கும் வாய்க்காத அளவு பார்வையாளர்கள் சேர்ந்தார்கள். அவரும் ‘ஆன்டி இண்டியன்’ (2021) எடுத்து கல்கி நின்ற பக்கத்தில் நின்றார். 2024 நவம்பரில் ‘கங்குவா’ வெளியானபோது எழுந்த எதிர்மறை அலையைத் தொடர்ந்து, அரங்க வளாகத்தில் யூடியூபர்களை அனுமதிக்கக் கூடாது என்று தயாரிப்பாளர் சங்கம் அரங்க உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. படம் வெளியாகி மூன்று நாள்களுக்கு விமர்சனம் கூடாது என்று கோரித் தயாரிப்பாளர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தையும் நாடினார்கள். விமர்சிப்பது கருத்துரிமை என்று கூறிய நீதிமன்றம், 2024 டிசம்பரில் இடைக்காலத் தடை விதிக்க மறுத்தது.

தயாரிப்பாளர்களின் மனக்குறையில் உண்மை இருக்கிறது: காசு வாங்கிக்கொண்டு புகழ்வதும் திட்டுவதும், நடிகர்களின் உடலையும் குடும்பத்தையும் இழுத்துப் பேசுவதும் விமர்சனத்தில் சேராது. அதற்கு அவதூறுச் சட்டம் இருக்கிறது. சீட்டு வாங்கிப் படம் பார்த்து வெளியே வருபவர் வாசலிலேயே தன் கருத்தைச் சொல்வதற்கு மூன்று நாள் தவணை விதிக்க எந்தச் சட்டமும் இல்லை.