குடவோலையும் ஊராட்சி நாற்காலியும்

மக்களாட்சியின் பழஞ்சான்றாகத் தமிழர் பெருமையுடன் சுட்டுவது, அரக்கோணத்தை அடுத்த காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு. முதற் பராந்தகன் காலத்தில், ஏறத்தாழக் கி.பி. 920இல் பொறிக்கப்பெற்ற அது குடவோலை முறையை விளக்குகிறது. ஓலையில் பெயர் எழுதப்பெறுதற்கு அது விதித்த தகுதிகளும் நோக்கத்தக்கன: இறை செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்கு உட்பட்ட அகவை, வேதப் பயிற்சி. அது பிரமதேயச் சபைக்குரிய விதி. நிலமற்ற உழவர்க்கும் பெண்டிர்க்கும் அக்குடத்தில் ஓலை இல்லை.

ஆயிரம் ஆண்டுகள் கழித்து, 1920இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் நடந்தபோதும் நிலமும் வரியுமே பெரிதும் வாக்குரிமையை அளந்தன. பெண்களைத் தடுத்த விதியை 1921இல் அச்சபை நீக்கியது. எனினும் சொத்துத் தகுதியுடைய பெண்களே பயனடைந்தனர். வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை நல்கியது 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பே.

சட்டத்தில் தடை நீங்கினால் ஊரிலும் நீங்கிவிடுமா? சட்டமன்றத்தின் தனி இடங்கள் 1952 முதல் நிரப்பப்பட்டே வருகின்றன; அரக்கோணமும் தனித்தொகுதியே. ஆனால், 73ஆம் திருத்தத்தின் வழி 1996இல் ஊராட்சித் தலைவர் பதவிகள் ஆதிதிராவிடர்க்கு ஒதுக்கப்பட்டபோது நிகழ்ந்தது வேறு. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊர்களில் ஆதிக்கச் சாதியினரின் எதிர்ப்பால் பத்தாண்டுகள் அப்பதவி நிலைபெறவில்லை. மனுச் செய்ய ஆளில்லை. தேர்வானவரும் உடனே விலக நேர்ந்தது. மேலவளவில் தலைவராகத் தேர்வான முருகேசன், 1997 ஜூன் 30 அன்று மதுரை ஆட்சியர் அலுவலகம் சென்று பேருந்தில் திரும்பும் வழியில், மேலும் ஐவருடன் வெட்டிக் கொல்லப்பட்டார்.

இவ்வேறுபாட்டின் காரணத்தை எண்ணிப் பார்த்தல் தகும். சட்டமன்றம் தொலைவில் உள்ளது. ஊராட்சித் தலைவரோ குடிநீரும் தெருவிளக்கும் பார்ப்பவர். ஊர்ப் பொதுச்சொத்தின் வருவாயில் குரலுடையவர். நேற்றுவரை தம்முன் கைகட்டி நின்றவரிடம் இன்று கையொப்பம் கேட்டு நிற்க நேர்வதை ஆதிக்கம் பொறுக்கவில்லை. அதிகாரம் வீட்டு வாசலை நெருங்குந்தோறும் தடையும் வலுக்கிறது.

இயக்கங்களின் இடைவிடாப் போராட்டத்தாலும், மாவட்ட நிருவாகம் ஊராருடன் தொடர்ந்து பேசியதாலும் 2006 அக்டோபரில் அந்நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்தது, தலைவர்கள் பதவியேற்றனர். தடை அசையாத மலையன்று என்பதற்கு அதுவே சான்று. குடவோலையைப் பாடும் கவிஞர்க்கு மேலவளவையும் உடன் பாடும் கடன் உண்டு.