டிக்கட் யாருடைய கையில்? தலைமன்னார் கரையிலிருந்து ஒரு பயணிகள் வரலாறு

போன வருசம் பெரியப்பா லண்டனிலிருந்து பேசாலைக்கு வந்தார். அவருக்கு முழங்கால் வருத்தம். காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வரலாம் என்று, சேர்த்து வைத்த காசில் பிஸ்னஸ் கிளாஸ் டிக்கட் எடுத்திருந்தார். ஏர்ப்போட்டில் "சீட் இல்லை, எக்கொனமியில்தான் இருக்க வேணும்" என்று சொல்லிவிட்டார்கள். பதினொரு மணித்தியாலம் காலை மடக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். பிறகு அந்த விமான நிறுவனம் அனுப்பியது ஒரு மன்னிப்பு மின்னஞ்சலும், அடுத்த பயணத்துக்கு ஒரு வவுச்சரும்.

"விடுங்கோ பெரியப்பா, சுகமா வந்து சேந்திட்டீங்கள்தானே" என்றேன்.

"தம்பி, வந்து சேருறதுக்கு ஒரு விலை. காலை நீட்டுறதுக்கு இன்னொரு விலை. நான் ரெண்டாவதுக்கும் சேத்துத்தான் காசு கட்டினனான்" என்றார்.

அவர் சொன்னது சட்டப்படியும் சரி. 2005 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் 261ஆம் இலக்க விதி இதைத் தெளிவாகச் சொல்கிறது. வாங்கிய வகுப்பை விடக் கீழான வகுப்பில் உட்கார வைத்தால், 1,500 கிலோமீற்றர் வரையான பயணத்துக்கு டிக்கட் விலையில் 30 வீதம், 3,500க்கு மேற்பட்ட நீண்ட பயணத்துக்கு 75 வீதம் திருப்பித் தர வேண்டும். இடைப்பட்ட தூரத்துக்குப் பெரும்பாலும் 50 வீதம். ஏழு நாளுக்குள் தர வேண்டும். காசாகத் தர வேண்டும். பயணி கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தால் மட்டும்தான் வவுச்சர். பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகும் இந்த விதியைத் தன் சட்டத்தில் வைத்திருக்கிறது. லண்டனிலிருந்து புறப்படும் விமானம் எந்த நாட்டு நிறுவனத்தினுடையதாக இருந்தாலும் இது பொருந்தும். இந்தியாவிலும் 2023 பெப்ரவரி 15 முதல் இப்படி ஒரு விதி இருக்கிறது. உள்நாட்டுப் பயணத்துக்கு வரியோடு சேர்த்து டிக்கட் விலையில் 75 வீதம்; வெளிநாட்டுப் பயணத்துக்குத் தூரத்தைப் பொறுத்து 30, 50, 75.

இதெல்லாம் விமானக் காலத்துப் புதுச் சங்கதி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தேடிப் பார்த்தால், இதன் பழைய வடிவம் எங்கட பியருக்கு நேர் எதிர்க் கரையிலேயே இருந்திருக்கிறது.

1914இல் பாம்பன் பாலம் திறந்தது. இந்தப் பக்கம் தலைமன்னார் வரை தண்டவாளம் வந்தது. சென்னையில் ஒரே டிக்கட் எடுத்தால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு கொழும்புக்கு மீண்டும் ரயில். அதுதான் போட் மெயில். இந்தியப் பக்கத்துப் பயணத்துக்கு 1890ஆம் ஆண்டு இந்திய ரயில்வே சட்டம் பொருந்தியது. அதன் 67ஆம் பிரிவு சொல்வது இதுதான்: வாங்கிய வகுப்பில் இடமில்லாமல் கீழ் வகுப்பில் போக நேர்ந்தவருக்கு, இரண்டு வகுப்புக்கும் இடையிலான கட்டண வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

வாசிக்க நல்ல சட்டம் மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் மேல் வகுப்புக்குப் பத்து ரூபாய், கீழ் வகுப்புக்கு ஐந்து ரூபாய் என்று வையுங்கள். இறக்கப்பட்டவருக்கு ஐந்து ரூபாய் கிடைக்கும். பட்ட கஷ்டத்துக்கு ஒரு சதமும் இல்லை. ரயில் கொம்பனிக்கோ நட்டமே இல்லை, கொடுக்காத இடத்தின் விலையைத்தான் திருப்பிக் கொடுக்கிறது. இன்றைய விதிகள் வித்தியாசத்தைக் கணக்குப் பார்க்காமல் டிக்கட் விலையில் ஒரு பெரும் பங்கைக் கேட்பது இதனால்தான். நிறுவனத்துக்கு வலித்தால்தான் அடுத்த முறை யோசிக்கும்.

அந்தச் சட்டத்தில் இன்னொரு ஓட்டையும் உண்டு. முதலாம் வகுப்புக்காரர் இரண்டுக்கு இறங்கலாம், இரண்டாம் வகுப்புக்காரர் மூன்றுக்கு இறங்கலாம். மூன்றாம் வகுப்புக்காரர் எங்கே இறங்குவது? டிக்கட் என்பதே "இடமிருந்தால்" என்ற நிபந்தனையோடுதான் விற்கப்பட்டது. இடமில்லாவிட்டால், ரயில் போய் மூன்று மணித்தியாலத்துக்குள் டிக்கட்டைக் கொடுத்துக் காசை வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். காந்தி 1917இல் இந்திய ரயில்களின் மூன்றாம் வகுப்பைப் பற்றித் தனியாக ஒரு சிறு நூலே எழுதினார். 1893இல் தென்னாபிரிக்காவின் பீற்றர்மாரிற்ஸ்பேர்க்கில், கையில் முதலாம் வகுப்பு டிக்கட் இருந்தும், "சாமான் பெட்டிக்குப் போ" என்று சொல்லி இறக்கிவிடப்பட்டவர் அவர். இடம் இல்லாமல் அல்ல, நிறத்துக்காக இறக்கப்பட்டவர். அவருக்கு வேண்டியிருந்தது கட்டண வித்தியாசம் இல்லை.

எங்கட கரையிலும் வகுப்பு என்பது மெத்தையின் தடிப்பு மட்டும் இல்லை. இலங்கைக்கு வருகிற தோட்டத் தொழிலாளர்களையும் மூன்றாம் வகுப்புப் பயணிகளையும் கொள்ளைநோய்ப் பயத்தில் மண்டபம் முகாமில் தடுத்து வைத்தார்கள். இந்திய மண்ணில் இருந்தாலும் அது இலங்கை அரசு நடத்திய முகாம். மேல் வகுப்புக்காரருக்கு அந்த முகாம் வாசம் இல்லை. கிருமி டிக்கட்டைப் பார்த்துத் தொற்றுவதில்லை, ஆனால் முகாம் டிக்கட்டைப் பார்த்துத்தான் ஆளை எடுத்தது.

தொழிலாளரில் பலருக்குக் காகித டிக்கட்டும் இருக்கவில்லை. 1900களின் தொடக்கத்தில் டின் டிக்கட் என்று ஒரு முறை வந்தது. தோட்டத்தின் அடையாளம் பொறித்த தகரத் துண்டு அது. அதைக் காட்டினால் வழிப்பயணமும் சாப்பாடும் கிடைக்கும். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். பிறகு அதே செலவு தொழிலாளியின் கடனாக அவர் தலையில் இறங்கும். இதில் பயணி யார்? காசு கட்டியவர்தான் பயணி என்றால், அது தோட்டம். அந்தத் தகரத்தைச் சுமந்து வந்தவர், ஒரு பொதியில் ஒட்டிய முகவரி மாதிரி. "நான் வாங்கின இடம் இது இல்லை" என்று சொல்ல அவர் ஒன்றையும் வாங்கியிருக்கவில்லை. ஆனால் கடனை மட்டும் அவரே கட்டினார்.

பெரியப்பாவுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். பயணிகள் உரிமை என்பது டிக்கட்டோடு ஒட்டிக்கொண்டு வருகிற உரிமை. டிக்கட் இன்னொருவர் கையில் இருந்தால் உரிமையும் அங்கேதான் இருக்கும்.

அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கேயே வேர் பிடித்தார்கள். 1947 தேர்தலில் வாக்குப் போட்டார்கள். 1948இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானவர்களை நாடற்றவர்களாக்கியது. உட்கார்ந்திருந்த இடத்திலேயே வகுப்பு இறக்கம். 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்று ஒதுக்கியது. அந்த டிசெம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது, கப்பல் இராமேஸ்வரத்துக்குத் திரும்பியது. மலையகத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்கு வந்த ரயிலுக்குச் சனம் வைத்த பெயர் "ஒப்பாரிக் கோச்சி". பாட்டன் வந்த வழியால் பேரன் திருப்பி அனுப்பப்பட்டான். இங்கே மிஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல் வந்தது. 55 வருசத்துக்கு வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுக்க யாரும் இல்லை.

கப்பல் 1984இல் நின்றது. ரயிலும் 1990இல் நின்று, 2015 மார்ச்சில்தான் பியர் வரை திரும்ப வந்தது. 2022 மார்ச்சில் பொருளாதார நெருக்கடியில் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் சில படகேறித் தனுஷ்கோடி மணல் திட்டில் போய் இறங்கின. அவர்களைக் கொண்டுபோய் வைத்ததும் மண்டபம் முகாமில்தான். காசு கட்டித்தான் போனார்கள், ஆனால் காட்டுவதற்குக் கையில் டிக்கட் இல்லை.

இதை எழுதுவதால் பெரியப்பாவின் கோபம் சின்னது என்று சொல்லவில்லை. "உனக்கு இதுவே போதும்" என்று சொல்லி இறக்கிவிடுகிற பழக்கம், யாரும் கேட்காத இடத்தில்தான் வளர்கிறது. இங்கிலாந்தில் இப்படியான கோரிக்கையை வழக்காகக் கொண்டுபோக ஆறு வருசம் அவகாசம் உண்டு. ஆகவே போர்டிங் பாஸை எறியாதீர்கள். எந்த வகுப்புக்குக் காசு கட்டினீர்கள், எந்த வகுப்பில் உட்கார வைத்தார்கள் என்பது இரண்டும் எழுத்தில் இருக்கட்டும். வவுச்சருக்குக் கையெழுத்து வைக்க முதல் யோசியுங்கள்.

பெரியப்பா வைக்கவில்லை. போன கிழமை அவரும் நானும் பியரடிக்குப் போனோம். துருப்பிடித்த பழைய இறங்குதுறையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதால வந்ததுகள் ஆரிட்டக் கேட்டிருக்குங்கள்?" என்றார். பிறகு, "கடிதத்தை இண்டைக்கே எழுதுவம், வா" என்று திரும்பி நடந்தார்.