விற்காத இளவரசன்

திரையில் தாவியவர்கள் – பகுதி 7

1990 ஜூலை மாதத்து அமெரிக்கக் கணக்கு இது. ‘ப்ரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’ என்ற கணினி விளையாட்டு ஆப்பிள் 2 கணினியில் 7,000 பிரதிகள் விற்றிருந்தது. ஐ.பி.எம். பி.சி.யில் இன்னொரு 7,000. நாலு வருஷம் ஓர் இளைஞன் ராப்பகலாக உட்கார்ந்து செய்த வேலைக்கு அவ்வளவுதான் வந்தது. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டதால் இந்தக் கதி என்றால் புரிந்துகொள்ளலாம். நடந்தது நேர்மாறு. கையில் எடுத்த விமர்சகர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே குரலில் கொண்டாடினார்கள். கொண்டாடப்பட்ட ஒன்று ஏன் கடை அலமாரியிலேயே கிடந்தது என்பதுதான் இந்த வாரக் கதை.

செய்தவர் ஜோர்டன் மெக்னர். யேல் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே ‘கராத்தேகா’ என்ற விளையாட்டை எழுதி, ப்ரோடர்பண்ட் நிறுவனம் மூலம் 1984-ல் வெளியிட்டு நல்ல பேர் வாங்கியவர். அடுத்த ஆண்டு ஒரு வீடியோ கேமராவைத் தூக்கிக்கொண்டு, நியூயார்க் மாநிலத்தில் தான் படித்த பள்ளிக்கு எதிரே இருந்த ரீடர்ஸ் டைஜஸ்ட் அலுவலகத்தின் கார் நிறுத்துமிடத்துக்குப் போனார். வெள்ளை உடுப்பு போட்ட தம்பி டேவிட்டை ஓடவிட்டார், தாவவிட்டார், சுவரைப் பிடித்துத் தொங்கவிட்டார். அந்த டேப்பை டி.வி.யில் ஓட்டி, நிறுத்தி நிறுத்திப் போட்டோ எடுத்து, பிரிண்டில் உருவத்தின் ஓரத்தை மார்க்கராலும் வெள்ளை மையாலும் திருத்தி, ஒவ்வொன்றாகக் கணினிக்குள் ஏற்றினார். வாள் சண்டைக்கு எர்ரல் ஃப்ளின் நடித்த 1938-ன் ராபின் ஹூட் படம் கைகொடுத்தது. இசை? அப்பா ஃப்ரான்சிஸ் போட்டுக் கொடுத்தார். குடும்பத் தொழில் மாதிரிதான் நடந்திருக்கிறது. விளையாட்டு 1989 அக்டோபரில் வெளியானபோது மெக்னருக்கு 25 வயது.

முதல் மதிப்புரைகளில் முக்கியமானது ‘கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்டு’ இதழில் அந்த டிசம்பரில் வந்தது. எழுதியவர் சார்ல்ஸ் அர்டாய். அவருக்கும் அப்போது 20 வயதுதான், கல்லூரி மாணவர். (பிற்காலத்தில் ‘ஹார்ட் கேஸ் க்ரைம்’ என்ற துப்பறியும் நாவல் பதிப்பகத்தைத் தொடங்கியவரும் இவரே.) புதுமை, புரட்சி என்றெல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதை நம்புகிற வழக்கம் விமர்சகர்களுக்குக் கிடையாது. அர்டாயோ, பெட்டி சொல்வது நிஜம்தான் என்று எழுதினார். பழைய சாகசப் படங்களின் ருசி இதில் இருக்கிறது என்று சொல்லி அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று ‘பாக்தாத் திருடன்’.

நமக்கு அந்தப் பெயரைச் சொன்னால் எம்.ஜி.ஆரும் வைஜயந்திமாலாவும் நடித்த 1960 படம்தான் ஞாபகத்துக்கு வரும். அர்டாய் சொன்னது அதே பெயரில் வந்த ஆங்கிலப் படத்தை. ஆனால் சங்கதி ஒன்றுதான்: தலைப்பாகை, சுல்தான் அரண்மனை, கெட்ட மந்திரி, சிறைப்பட்ட இளவரசி, படிக்கட்டில் வாள் சண்டை. வாரக் கடைசியில் தூர்தர்ஷனில் எம்.ஜி.ஆர். படம் பார்த்து வளர்ந்த பையனுக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

விமர்சகர்கள் எதைப் பார்த்து அசந்தார்கள்? அசைவை. சென்ற வாரம் பார்த்த மேரியோவை அந்தரத்தில் இருக்கும்போதே இடது வலது என்று திருப்பலாம். அவனுக்கு எடை கிடையாது. இந்த இளவரசனுக்கு எடை உண்டு. ஓட ஆரம்பிக்க ஒரு கணம் வேண்டும், நிற்க இன்னொரு கணம் வேண்டும். கால் தரையை விட்ட பிறகு நீங்கள் எந்த பட்டனைத் தட்டினாலும் பிரயோஜனமில்லை. ஒரு மாடி உயரம் விழுந்தால் எழுந்துகொள்வான், இரண்டு மாடி என்றால் ஓர் உயிர் குறையும், மூன்று என்றால் முடிந்தது. பட்டனைத் தட்டியும் ஆள் உடனே அசைவதில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் இன்றும் உண்டு. அந்தத் தாமதத்தை எடுத்துவிட்டால் தம்பி டேவிட்டின் உடம்பு திரையிலிருந்து மறைந்துவிடும் என்பது என் கட்சி.

அசைவுக்கு நிகராக நான் சொல்வது நிழல் மனிதனை. ஆப்பிள் 2-ல் இருந்த நினைவகம் முழுக்க இளவரசனின் அசைவுகளுக்கே போய்விட்டது. எதிரி என்று ஒருவனை வரைய இடமில்லை. இதில் சண்டை வேண்டும் என்று தோழி டோமி பியர்ஸ் விடாமல் நச்சரித்தார். இளவரசனின் அதே படங்களை ஒரு பிட் நகர்த்தித் தன்மேலேயே கணக்குப் போட்டதில் மினுமினுக்கும் ஒரு நிழல் உருவம் கிடைத்தது. நாலாவது லெவலில் கண்ணாடிக்குள் பாய்ந்தால் அது பிரிந்து வெளியே வரும். அடுத்த லெவலில் உங்கள் மருந்துக் குப்பியை உங்களுக்கு முன்னால் ஓடிப்போய்க் குடித்துவிடும். பன்னிரண்டாவதில் அதனோடு வாள் சண்டை. அதைக் குத்தினால் உங்கள் உயிர் குறையும். வாளை உறையில் போட்டுவிட்டு நேராக அதை நோக்கி நடக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளும்வரை எத்தனை பேர் செத்திருப்போம்! இடப் பற்றாக்குறையால் வந்த ஏற்பாடு என்று யாராவது சொல்வார்களா?

சரி, ஏன் விற்கவில்லை? முதல் காரணம் மெஷின். 1985-ல் மெக்னர் வேலையைத் தொடங்கியபோது ஆப்பிள் 2 உயிரோடு இருந்தது. முடித்தபோது கடைக்காரர்கள் அதை ஓரங்கட்டி ஐ.பி.எம். பி.சி.க்கு இடம் கொடுத்துவிட்டார்கள். மதிப்புரையைப் படித்து ஆசைப்பட்டவன் வீட்டில் அதை ஓட்டும் கணினி இல்லை. இரண்டாவது, ப்ரோடர்பண்டுக்குச் சோறு போட்டது ‘ப்ரிண்ட் ஷாப்’பும் ‘கார்மென் சாண்டியகோ’வும். அவற்றை விற்றுப் பழகிய ஆட்களுக்கு இதன்மேல் பெரிய அக்கறை இல்லை என்ற புலம்பலை மெக்னரின் நாட்குறிப்பில் பக்கத்துக்குப் பக்கம் பார்க்கலாம். அந்த நாட்குறிப்பு பின்னால் புத்தகமாகவே வந்தது.

காப்பாற்றியது வெளிநாடு. 1990 ஜூலையிலேயே ஜப்பானில் என்.இ.சி. கணினிக்கான பதிப்பு வந்த வேகத்தில் 10,000 போனது. ஐரோப்பாவில் டோமார்க் நிறுவனம் வெளியிட்டது, ஓடியது. 1992-ல் மெக்கின்டாஷ் பதிப்பு புது அட்டைப்பெட்டியோடு வந்தபோதுதான் அமெரிக்கா திரும்பிப் பார்த்தது. கடைசியில் எல்லா மெஷின்களிலும் சேர்த்து 20 லட்சம். விமர்சகர் சொன்னதைச் சந்தை ஒப்புக்கொள்ள மூன்று வருஷம் பிடித்திருக்கிறது.

இந்தக் கணக்கில் எங்கள் ஊரப்பாக்கம் பக்கத்துப் பையன்கள் யாரும் சேரமாட்டார்கள். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் வந்து, ராத்திரி இரண்டு மணிக்கும் ஊரப்பாக்கத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடக்க முடியாத இன்றைய நிலைமை அப்போது இல்லை. தொண்ணூறுகளில் ஏரியும் வயலும் மனைப்பிரிவு போர்டுகளும்தான். கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள பஸ் ஏறித் தாம்பரம் போக வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏ.சி. அறைக்குள் நுழைந்தால், டாஸ், டிபேஸ், கோபால் வகுப்பு. சார் டீ குடிக்கப் போன பத்து நிமிஷத்தில் ‘ப்ரின்ஸ்’. டி.வி. கேம் இருந்த வீட்டுப் பையனுக்கு மேரியோ, கம்ப்யூட்டர் சென்டருக்குப் போன பையனுக்கு ப்ரின்ஸும் ‘டேஞ்சரஸ் டேவ்’ விளையாட்டும் என்று ஊர் இரண்டாகப் பிரிந்திருந்தது.

விளையாட்டு முழுசும் ஒரே ஃப்ளாப்பியில் அடங்கிவிடும். அர்டாய் யார் என்று இங்கே யாருக்குத் தெரியும்? ஒருவன் இன்னொருவனுக்கு ஃப்ளாப்பி கொடுத்ததே மதிப்புரை. “டேய், யார்றா இதுல கேம் ஏத்தினது?” என்று சார் கத்திவிட்டு டைரக்டரியை அழிப்பார், மறுநாள் ‘பேரோல்’ என்ற பெயரில் அது திரும்ப வந்திருக்கும். திருட்டுப் பிரதியைத் தடுக்க மெக்னர் குழு முதல் லெவல் முடிவில் எழுத்துப் போட்ட குப்பிகளை அடுக்கிவைத்திருந்தது. கையேட்டில் குறிப்பிட்ட பக்கத்தைப் பார்த்துச் சரியான எழுத்தைக் குடிக்க வேண்டும், தப்பினால் விஷம். கையேடு எங்களிடம் ஏது? ஒவ்வொன்றாகக் குடித்துப் பார்த்தோம். டாஸில் ‘ப்ரின்ஸ் மெகாஹிட்’ என்று தட்டினால் லெவல்களைத் தாண்டிப் போகலாம், நேரத்தையும் கூட்டலாம் என்ற ரகசியம் மட்டும் எப்படியோ தாம்பரம்வரை வந்து சேர்ந்துவிட்டது. 7,000 பிரதிகூடத் தாண்டாத நாளில் அந்தக் கடவுச்சொல்லை எந்த தைரியத்தில் வைத்தார்களோ!

இளவரசன் அதிகாரபூர்வமாக இந்தியாவுக்கு வேலைக்கு வந்த கதையும் உண்டு. உரிமை யூபிசாஃப்டிடம் போய், 2003-ல் ‘சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ என்ற புது விளையாட்டு வந்து பெரிய பேர் வாங்கியது. அதை மறு உருவாக்கம் செய்யும் பொறுப்பை அந்நிறுவனத்தின் புனே, மும்பை கிளைகளுக்குக் கொடுத்து 2020 செப்டம்பரில் அறிவித்தார்கள். சில நிமிஷ ட்ரெய்லரைப் பார்த்தே, படங்கள் பத்து வருஷம் பழசு மாதிரி இருக்கின்றன என்று உலகம் முழுக்கக் கேலி செய்தார்கள். 2021 ஜனவரியில் வரவேண்டியது தள்ளிப்போனது, மறுபடி தள்ளிப்போனது. 2022 மே மாதம் வேலையை மான்ட்ரியலுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். புனேக்காரர்கள் செய்ததை ஒருவரும் கையில் பிடித்து விளையாடிப் பார்க்கவேயில்லை.