சவாரித் தம்பரும் அவரைத் தீட்டிய கைகளும்

இலங்கைத் தமிழ்ப் பத்திரிகை உலகில் நெடுங்காலம் நிலைத்த கேலிச்சித்திரப் பாத்திரங்களுள் முதலில் நினைவுக்கு வருபவர் சவாரித் தம்பர். அவருடைய கூட்டாளி சின்னக்குட்டி. இருவரும் தினகரன் பத்திரிகையில் தொடர்ச் சித்திரமாக வந்து, யாழ்ப்பாணக் குடாநாட்டு வீடுகளில் உறவினர் போலப் பழக்கமானவர்கள். பொங்கலை ஒட்டி வயல்வெளிகளில் நடக்கும் மாட்டுவண்டிச் சவாரி குடாநாட்டின் பழைய விளையாட்டு. அதில் பைத்தியமாயிருக்கும் கிராமத்தவரை வலிகாமத்திலும் வடமராட்சியிலும் எந்த ஊரிலும் காணலாம். பெயரைக் கேட்டவுடனேயே தம்பர் எப்படிப்பட்ட ஆள் என்பது வாசகருக்கு விளங்கிவிட்டது. அவரைப் படைத்தவர் வடமராட்சிக் கரவெட்டியைச் சேர்ந்த சி. சிவஞானசுந்தரம். படங்களில் அவர் இட்ட கையொப்பம் 'சுந்தர்'.

சுந்தருக்கு முன்பும் குடாநாட்டில் ஓவியர்கள் இருந்தார்கள். சித்திர வித்தியாதிகாரியாக இருந்த எஸ். ஆர். கனகசபை 1938இல் வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கி, பாடசாலை ஆசிரியர்கள் பலருக்குத் தூரிகை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். பின்னாளில் குருநகர் அ. மாற்கு நவீன ஓவியத்தை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோனார். ஆனால் இவர்களுடைய நாட்டம் நிலக்காட்சியிலும் உருவப்படத்திலும் இருந்தது. சிரிப்புப் படம் என்றால் கடல் கடந்து வரும் ஆனந்த விகடனும் கல்கியும்தான். மாலியும் கோபுலுவும் வரைந்த மயிலாப்பூர் மாமிகளையும் சபா சங்கீத ரசிகர்களையும் பார்த்தே யாழ்ப்பாணத்தார் சிரித்துப் பழகினார்கள். அவை அருமையான படங்கள். எனினும் அந்தப் படங்களில் பனைவடலி இல்லை, கிடுகுவேலி இல்லை, படலையடியில் நின்று ஊர்க்கதை பேசும் மனிதர் இல்லை.

சுந்தர் கட்டடக்கலை படிக்கப் பம்பாய் போனவர். இந்தியக் கேலிச்சித்திரக் கலையின் முக்கியமான பட்டறையாக அந்நகரம் இருந்த காலம் அது. ஆர். கே. லக்ஷ்மண் அங்கேதான் பெயரெடுத்தார். பால் தாக்கரேயும் அப்போது பத்திரிகைக்குக் கார்ட்டூன் வரைந்துகொண்டிருந்தார். கட்டடப் படம் வரையப் போன இளைஞருக்கு அங்கே கோட்டுச் சித்திரத்தில் பித்துப் பிடித்தது. அந்த அனுபவத்தைப் பின்னாளில் 'கார்ட்டூன் ஓவிய உலகில் நான்' என்ற நூலில் அவரே எழுதினார். அவர் நாடு திரும்பியபோது இலங்கையிலும் இக்கலை வளர்ந்திருந்தது. ஒப்ரி கொலெற் ஆங்கில வாசகர்களுக்கு அரசியல்வாதிகளை வரைந்து காட்டினார். டபிள்யூ. ஆர். விஜேசோம 'புஞ்சி சிங்ஞோ' என்ற சாமானியனைப் படைத்தார். தமிழில்தான் அந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

தருணமும் பொருந்தி வந்தது. 1959 முதல் 1961 வரை தினகரனின் ஆசிரியராக இருந்த க. கைலாசபதி, ஈழத்து எழுத்து தன் மண்ணையும் தன் பேச்சையும் கொண்டிருக்க வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார். சிறுகதையில் அப்போது மண்வாசனை என்று பேசப்பட்டதை சுந்தர் கோட்டில் செய்தார். தம்பரும் சின்னக்குட்டியும் வடமராட்சிப் பேச்சிலேயே பேசினார்கள். அதுவரை மேடை நகைச்சுவையிலும் நாடகத்திலும் மட்டும் கேட்ட பேச்சு இப்போது படத்தின் கீழே அச்சாகி வாராவாரம் வந்தது. கொழும்பிலிருந்து இரவு மெயில் ரயிலில் ஊர் திரும்பும் எழுதுவினைஞர் பத்திரிகையைக் கொண்டுவர, வீட்டார் முதலில் பிரிப்பது அந்தப் பக்கத்தையே.

ஒரு பத்திரிகையின் மூலையில் கிடைக்கும் இடம் சுந்தருக்குப் போதவில்லை. 1963இல் அவர் கொழும்பில் 'சிரித்திரன்' என்ற நகைச்சுவை இதழைத் தொடங்கினார். எழுபதுகளில் அது யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்தது. தமிழில் சிரிப்புக்கென்றே தனி இதழ் நடத்துவது அன்று துணிச்சலான காரியம். மைனர் மச்சான், மெயில் வாகனத்தார் என்று பாத்திரங்கள் பெருகின. தாமோதரம்பிள்ளையின் மனைவி ஆங்கில மோகத்தில் 'மிஸிஸ் டாமோடிரன்' ஆனார். கேள்வி பதில் பகுதிக்கு 'மகுடி' என்ற பெயர் சூட்டப்பட்டது. அதில் பதிலெழுதியவரும் சுந்தர்தான். மகுடியின் பதில்கள் இரண்டு வரிக்குள் முடிந்துவிடும். ஆனாலும் அவற்றைத் தனி நூலாகத் தொகுக்கும் அளவுக்கு வாசகர் விரும்பினார்கள். காசி ஆனந்தன், செங்கை ஆழியான் போன்றோர் எழுத்திலும் இதழ் வளம் பெற்றது. பிள்ளைகளுக்கென்று 'கண்மணி' என்ற இதழையும் சுந்தர் நடத்தினார்.

இந்தச் சித்திரங்கள் உருவான விதத்தை அசைவூட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். திரையில் அசையும் படத்துக்கு ஒரு வினாடிக்கு 24 சட்டங்கள் வேண்டும். அதனால் அதை ஒரு பெரும் பட்டாளமே செய்ய வேண்டியிருக்கிறது. கதை சொல்பவர், பாத்திரத்தின் முகத்தை வகுப்பவர், இடைப்படங்களை நிரப்புபவர், குரல் கொடுப்பவர் என்று வேலை பிரிந்துபோகும். சிரித்திரனில் இவற்றுள் பெரும்பாலான வேலைகள் ஒரே மனிதரின் மேசையில் நடந்தன. மற்றவை அச்சகத்தாருடையவை. வெள்ளை மட்டையில் இந்திய மையால் கோடு பாயாமல் படத்தை முடிக்க வேண்டும். அதைப் புகைப்படமெடுத்து, நாகத் தகட்டில் பதித்து, அமிலத்தால் அரித்து, மரக்கட்டையில் அறைந்தால் 'புளொக்' கிடைக்கும். மெல்லிய நிழலும் மங்கலான சாயமும் இந்த முறையில் நிற்காது. தடித்த கோடு, வெறும் பின்னணி, தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும் மூக்கும் வயிறும்தான் நிற்கும். சுந்தரின் சித்திரத்தில் காணும் சிக்கனத்தில் ஒரு பங்கு அவர் கலைத்தேர்ச்சியிலிருந்து வந்தது. மறுபங்கு இந்த அச்சுமுறை இட்ட கட்டளை.

புளொக் செய்யப் பணம் வேண்டும். ஆகவே பகுதித் தலைப்புகளுக்கு ஒருமுறை செய்த புளொக்கை மாதாமாதம் எடுத்துப் போடுவது சிறு இதழ்களில் வழக்கம். அச்சுக்கோப்பவர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, படத்தின் அகலத்துக்குள் உரையாடலை அடக்க வேண்டும். பேச்சுத்தமிழை எழுத்துத்தமிழாகத் திருத்திவிடாமல் அப்படியே கோப்பதற்கு நல்ல கவனம் தேவை. ஒரு சொல் 'திருந்தினால்' சிரிப்புப் போய்விடும். இந்த உழைப்பாளிகளின் பெயர்கள் எந்தப் பக்கத்திலும் அச்சாகவில்லை. தொடரை உண்டாக்கியவர்கள் என்ற கணக்கில் அவர்களையும் சேர்ப்பதே நியாயம்.

எழுபதுகளில் இந்திய இதழ்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது உள்ளூர் வெளியீடுகளுக்கு வாசகர் பெருகினர். சிரித்திரனும் அந்தக் காலத்தில் குடாநாட்டில் ஆழமாகக் காலூன்றியது. சீதனம், சாதித் தடிப்பு, வெளிநாட்டு மாப்பிள்ளை ஆசை, போலிப் பக்தி ஆகியவை அதன் இலக்குகள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்த சமூகம் அது. அங்கே சாதியைக் கிண்டல் செய்வதற்கு நெஞ்சுரம் வேண்டும். சுந்தரின் கேலி எளியவரை ஒருபோதும் குத்தியதில்லை. தொடரின் நீண்ட ஆயுளுக்கு அதுவே முதற் காரணம் எனலாம்.

தாளில் பிறந்த இந்தப் பாத்திரங்கள் திரைக்குப் போகவில்லை. தொலைக்காட்சி இலங்கைக்கு 1979இல் வந்தது. ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கியது. அங்கே டைட்டஸ் தொட்டவத்த வெளிநாட்டு அசைவூட்டத் தொடர்களுக்குச் சிங்களக் குரலும் பாட்டும் புதிதாக அமைத்தார். 'தொஸ்தர ஹொந்தஹித்த', 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆகியவை ஒரு தலைமுறைச் சிங்களப் பிள்ளைகளின் சொந்தச் சொத்தாயின. தமிழில் அதற்கு ஈடான பெருமுயற்சி நடக்கவில்லை. குடாநாட்டின் நிலைமையோ வேறு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்டது. 1990இல் போரால் மின்சாரம் நின்றது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட ஊரில், ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகள் படித்த வீட்டில், தொலைக்காட்சித் தொடர் எப்படி உருவாகும்? பொருளாதாரத் தடையால் அச்சுத் தாளும் அரிதானது. 1985இல் தொடங்கிய உதயன் நாளிதழ் கோடிட்ட கொப்பித் தாளிலும் வெளிவந்தது. இத்தகைய ஆண்டுகளில் ஒரு நகைச்சுவை இதழ் தடைப்பட்டும் தொடர்ந்தும் வந்ததே பெரிய காரியம்.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தது. பல வீடுகளில் பெட்டிகளிலும் பரண்களிலும் சேர்த்து வைத்திருந்த பழைய இதழ்கள் அத்தோடு போயின. அடுத்த ஆண்டு, 1996இல், சுந்தர் காலமானார்.

கமிலஸ் பெரேராவின் சிங்களக் கேலிச்சித்திரப் பாத்திரமான 'கஜமான்' 2023இல் கணினி அசைவூட்டத் திரைப்படமாக வெளிவந்தது. தாளில் பிறந்த இலங்கைப் பாத்திரம் ஒன்று திரையில் நடக்க முடியும் என்பதற்கு அது சான்று. சவாரித் தம்பருக்கு அந்த வாய்ப்பு இன்னும் அமையவில்லை. அதற்கான மூலப்பொருள் கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் சிரித்திரன் இதழ்கள் பல வருடி ஏற்றப்பட்டு, எவரும் கட்டணமின்றிப் படிக்கக் கிடைக்கின்றன. தம்பரின் நடையையும் முகத்தையும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். குரலுக்கு மட்டும் வடமராட்சிப் பேச்சைக் காதால் கேட்டு வளர்ந்தவர்களைத் தேட வேண்டியிருக்கும்.