பயண நூல்களில் உணவும் மக்களும்: தாயில்பட்டியை முன்வைத்து ஒரு வரலாற்று வாசிப்பு

முன்னுரை

பயண நூலை வாசிப்போர், எழுதியவரோடு புதிய ஊரில் இறங்கி, அவ்வூர் உணவை உண்டு, அங்குள்ளோரோடு பேசித் திரும்பிய நிறைவைப் பெறுகின்றனர். இவ்வின்பத்தைத் தரும் சிறு செய்திகளே வரலாற்றுச் சான்றுகளாகவும் அமைகின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து. ஏனுகுல வீராசாமி, ஏ. கே. செட்டியார் ஆகியோரின் பயண எழுத்துகளைக் கொண்டு இக்கருத்து விளக்கப்பெற்று, விருதுநகர் மாவட்டத்துத் தாயில்பட்டி வட்டாரத்தோடு பொருத்திப் பார்க்கப்படுகிறது.

தங்கலும் உணவும்

சென்னை உச்சநீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த வீராசாமி, 1830 மே மாதம் பெரும் பரிவாரத்துடன் காசிக்குப் புறப்பட்டு, 1831 செப்டம்பரில் திரும்பினார். ஐதராபாத், நாகபுரி வழியாகச் சென்று, கல்கத்தா, பூரி வழியாக மீண்டார். அவர் தெலுங்கில் எழுதிய குறிப்புகள், அவர் மறைந்தபின் 1838 இல் 'காசியாத்திரை சரித்திரம்' என நூலாயின.

தங்குமிடம்தோறும் கடைகள் உண்டா, தண்ணீர் எத்தகையது, எப்பொருள் கிடைக்கும் என்பவற்றை அவர் குறித்துச் செல்கிறார். தொடர்வண்டி இல்லாத அக்காலத்தில், உடன் வந்தோர் அனைவருக்கும் உணவு கிடைக்கச் செய்வது அன்றாடக் கவலை. அடுத்த தங்கலில் அரிசி கிடைக்குமா என்று வாசகரும் அவருடன் காத்திருக்கிறார். ஊர்களின் வாணிகநிலையையும் வழிகளின் தன்மையையும் வரலாற்று மாணவர் அறிந்துகொள்வதும் அதே குறிப்புகளிலிருந்துதான். உள்ளூரார்க்கு எழுதத் தோன்றாத எளிய செய்தி, வழிப்போக்கருக்கு எழுதத்தக்கதாகிறது.

மனிதர்களை முன்னிறுத்தல்

கோட்டையூரில் 1911 இல் பிறந்த ஏ. கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' 1940 இல் வெளிவந்தது. காந்தியடிகள் பற்றிய ஆவணப்படத்திற்காகப் பல நாடுகளில் அலைந்து படச்சுருள்களைத் திரட்டிய அவர், தம்மைப் பின்னிறுத்தித் தாம் கண்டவர்களை முன்னிறுத்தினார். சிறு வாக்கியங்களும் மெல்லிய நகைச்சுவையும் அவர் நடையின் இயல்புகள். பிறர் தமிழ்நாட்டில் மேற்கொண்ட பயணங்களைப் பற்றி எழுதியவற்றையும் தேடித் தொகுத்து 1968 இல் நூலாக்கினார். பழைய பயணக் கட்டுரைகளை வரலாற்று மூலங்களாக அவர் மதித்தமைக்கு இத்தொகுப்பே சான்று.

தாயில்பட்டி வட்டாரம்

வெம்பக்கோட்டை வட்டத்தைச் சேர்ந்த தாயில்பட்டியின் பெயர், செய்தித்தாள்களில் பெரும்பாலும் பட்டாசு ஆலை வெடிவிபத்துகளை ஒட்டியே இடம்பெறுகிறது. அண்மையில், 2022 இல் தொடங்கிய வெம்பக்கோட்டை அகழாய்வு இவ்வட்டாரத்தின் தொன்மையை வெளிக்கொணர்ந்தது. தொன்மைக்கும் விபத்துக்கும் இடைப்பட்ட அன்றாட வாழ்வு போதிய அளவு எழுதப்பெறவில்லை.

இவ்வட்டாரத் தொழிலின் தொடக்கமே ஒரு பயணம்தான். சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922 இல் கல்கத்தா சென்று, தீப்பெட்டித் தொழிலைக் கற்று 1923 இல் திரும்பினர். பின்னாளில் பட்டாசுத் தொழிலும் இங்கு வேரூன்றியது. தொழில் வரலாறுகளில் இப்பயணம் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. மொழி அறியாத நகரில் அவர்கள் உண்டது எது, தங்கியது எங்கே, கற்பித்தவர் யார் என்னும் வினாக்களே பயண நூலின் வாசகர் முதலில் கேட்பவை.

உணவிலும் இதே நிலைதான். சாத்தூர்க் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா ஆகியவை வெளியூரார் வாங்கியும் உண்டும் செல்வதால் புகழ்பெற்றன. விடியலில் பட்டாசு ஆலைக்குச் செல்லும் பெண்ணின் தூக்குச்சட்டியில் உள்ளது எது என்பதை வழிப்போக்கரும் காண்பதில்லை, உள்ளூராரும் எழுதுவதில்லை.

முடிவுரை

பயண நூல்கள் தரும் இன்பம், பிறர் வாழ்வின் சிறு செய்திகளைப் பொருட்படுத்தும் பழக்கத்தை வாசகரிடம் வளர்க்கிறது. அப்பழக்கத்தோடு சொந்த ஊரை நோக்குவது வட்டார வரலாற்றாய்வுக்கு இன்றியமையாதது. தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களில் உழைத்த மூத்தோரின் பயண நினைவுகளும் உணவு நினைவுகளும் அவர்கள் வாழுங்காலத்திலேயே வாய்மொழியாகத் திரட்டப்பட வேண்டும். தவறினால், தாயில்பட்டியைப் பற்றி எதிர்கால ஆய்வாளருக்கு எஞ்சுவன விபத்துச் செய்திகளாகவே இருக்கும்.